பத்தியத் தோட்டா

இன்னுங் கிட்ட வந்து ஒக்காருங்க, அடுப்போரமா. அங்க ஒக்காந்தா சாரல் அடிக்கும். பொட்டிய மட்டும் அடுப்புக்கிட்டக் கொண்டாராதீங்க சாமி, அது பெஞ்சுக் கடைசீலயே கெடக்கட்டும். உள்ள தோட்டாதானுங்களே? எப்படித் தெரியும்ங்கறீங்களா? மைசூர்பா பொட்டிய யாராச்சும் இப்படி மடீல வெச்சுத் தடவீட்டு இருப்பாங்களா?

மேல எஸ்டேட் பஸ்ஸுங்களா? வரும். இந்த மழைல கொண்டை ஊசி வளைவுல ஒவ்வொண்ணா ஊந்துதான வரோணும். அது வாரதுக்குள்ள ஒரு டீ குடிங்க. நான் பேசறதக் கேட்டீங்கன்னா மேல போற பஸ்ஸ உட்டுப்போட்டு, கீழ குன்னூருக்குப் போற பஸ்ஸுல ஏறி உக்காந்துக்குவீங்க.

ஏனுங்க, நீங்க லிங்கசாமிதானுங்களே? ஜெகதளாப் பக்கம் புதுசாத் தோட்டம் வாங்குனவரு. உருளைக்கெழங்கப் பன்னி நோண்டித் தின்னுபோடுதுன்னு, பெரிய கிளாக்கர் மருதாசலத்துக்கிட்டத் துப்பாக்கி வாங்க வந்திருக்கீங்க. நான் வேலாமணி, இந்த டீக்கடை என்றதுதான். உங்க பெரிய கிளாக்கரு எனக்கு மச்சானுங்க. என்ற கூடப் பொறந்த அக்கா ஜானகியம்மாளக் கட்டுனவரு. அதனால அவர வாய்க்கு வந்தபடி பேச எனக்குப் பாத்தியதை இருக்குது. நீங்க முகஞ் சுளிக்காதீங்க.

அந்தத் தோட்டால ஒண்ணே ஒண்ண எடுத்துக் காட்டுங்க. அட, நல்லாத்தான் இருக்குது, செவச்செவன்னு. நெட்டை வேற. பித்தளைத் தலை எம்மாம் ஒசரம்! இதுதான் இருக்கறதுலயே வேகம்னு கடைக்காரர் சொன்னாருங்களா? எந்தத் துப்பாக்கிக்குன்னு அவரு கேட்டிருப்பாரே. பன்னெண்டு போருன்னு கொழலோட அகலத்த மட்டும் சொன்னீங்க. ஏனுங்க, எட்டு மொழ வேட்டின்னா எல்லா வேட்டியும் ஒண்ணாயிருமா? தொவைச்சுத் தொவைச்சு நைஞ்சு போன வேட்டியும் எட்டு மொழந்தானுங்களே. அதுல மூட்டை கட்டித் தூக்குவீங்களா?

அந்தத் துப்பாக்கி, எஸ்டேட்ட நடத்துன பழைய வெள்ளைக்காரத் தொரையோட பாட்டன் சீமைல இருந்து கொண்டாந்தது. ரெட்டைக் கொழலு. இப்ப வாரதாட்டம் ஒரே இரும்பக் கொடைஞ்சு பண்ணுனதில்லீங்க. இரும்புப் பட்டையும் எஃகுப் பட்டையும் சேத்து முறுக்கி, கயிறு சுத்தறாப்பல சுத்திச் சுத்தி, காய்ச்சி அடிச்சு ஒட்ட வெச்ச கொழலு. மேல பூராவும் வரிவரியா, சாரப்பாம்புத் தோலாட்டம் மினுங்கும். கருமருந்து போட்டுச் சுட்ட காலத்துப் பொருளு அது. கருமருந்து பொகையப் புடுங்குமே ஒழிய மெதுவாத்தான் தள்ளும்.

தொரை சீமைக்குப் போறப்ப அத மச்சான் கைல குடுத்தாரு. ஒரு தகரப் பொட்டி நெறையத் தோட்டாவும் குடுத்தாரு. எங்கக்காளும் பக்கத்துல நின்னுட்டு இருந்துச்சு. மருதாசலம், இந்தத் துப்பாக்கி கெழவன், இவனுக்குச் சின்னத் தோட்டாதான்னாரு. ரெண்டரை அங்குலத்துக்கு மேல நீளம் ஆகாது, மருந்தும் கம்மி, ரவையும் கம்மி, மெதுவாத் தள்ளறதாப் பாத்து வாங்கு. புதுத் தோட்டா உள்ள போகும், துப்பாக்கியும் மூடிக்கும், அத நம்பிப்போடாத. சுட்டா அதோட வாய் மடிப்பு விரியும். விரியறதுக்கு உள்ள எடமில்லீன்னா அத்தன வேகமும் கொழலத்தான் ஒதைக்கும். இப்படிச் சொல்லிப்போட்டுத்தான் அந்த மனுசன் காருல ஏறுனாரு.

எங்கக்கா அத ஒரே சொல்லுல முடிச்சிருச்சு. வயசானவருக்குக் கஞ்சி ஊத்து, கறிக்கொழம்பு ஊத்தாதங்கறாரு, பத்தியம், அவ்வளவுதானுங்களேன்னு. அதுல இருந்து எங்க ஊட்டுல அதுக்குப் பேரே பத்தியத் தோட்டா.

தகரப் பொட்டி இருந்த வரைக்கும் ஒரு வம்பும் இல்லீங்க. மச்சான் சுடுவாரு, அது பொட்டுன்னு ஒரு சத்தம் போடும். மொசலு, காட்டுக்கோழின்னு எதாவது உழுகும், உழுகாமயும் போகும். ஆனாப் பன்னி வேட்டைல ஒரு மொறை இருக்குதுல்லீங்க? உங்க பக்கம் எப்படியோ, எங்க எஸ்டேட்டுல கறியக் கூறு போடறப்ப மொதக் கூறு துப்பாக்கிக்கு. மனுசனுக்கில்லீங்க, துப்பாக்கிக்கு. எந்தத் துப்பாக்கில பன்னி உழுந்துச்சோ அதச் செவுத்துல சாத்தி வெச்சு, முன்னந்தொடை ஒண்ண அதும் முன்னாடி வெப்பாங்க. அப்பறந்தான் தகரந் தட்டிப் பன்னிய ஓட்டுனவனுக்கு, நாய் வெச்சிருக்கறவனுக்கு, பாக்கி சனத்துக்கு. அந்தத் தொடைய ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போறதுதான் கவுரதை.

தேயிலைப் பேக்டரிய நடத்தற டீமேக்கரு தனசிங்குன்னு ஒருத்தரு. அவருகிட்டப் புதுத் துப்பாக்கி. சுட்டாருன்னா இந்த மலைல சுட்டா அந்த மலைல காக்கா பறக்கும். ஒவ்வொரு வேட்டைலயும் துப்பாக்கிக் கூறு அவரு ஊட்டுக்குத்தான். சும்மா தூக்கிட்டுப் போனாத் தேவலீங்களே. மச்சானப் பாத்து, கிளாக்கரே, உங்க துப்பாக்கிக்குச் சளி புடிச்சிருக்குதாட்ட இருக்குது, தும்முது, கசாயம் வெச்சுக் குடுங்கம்பாரு. ஆளுகெல்லாம் சிரிக்கும். ஆபீசுல மச்சானப் பாத்தா எந்திரிச்சு நிக்கற சனம், வேட்டைல பல்லக் காட்டுது. பொறுக்குமுங்களா?

தகரப் பொட்டித் தோட்டா தீந்துச்சு. சீமைல இருந்து வாரதும் நின்னு போச்சு. மச்சான் கோயமுத்தூருக்குப் போனாரு. கடைக்காரரு நல்ல மனுசன். துப்பாக்கி புதுசா பழசான்னு கேட்டிருக்காரு. பழசுன்னாச் சொல்லுங்க, மருந்து கம்மியா நானே கைல அடைச்சுத் தர்றேன்னும் சொல்லியிருக்காரு. பாத்துக்குங்க, பத்தியத் தோட்டா கெடைக்காமப் போகுல. கைக்கு எட்டற எடத்துல இருந்துச்சு. உங்க பெரிய கிளாக்கரு என்ன சொன்னாருங்கறீங்க? புத்தம் புதுசு, இருக்கறதுலயே வேகமானதக் குடுங்கன்னாரு. ஏன்? பக்கத்துல யாரோ ரெண்டு பேரு நின்னுட்டு இருந்தாங்களாம். அவிங்க முன்னாடி என்ற துப்பாக்கி கெழடுன்னு சொல்றதான்னு வெக்கமாம். ஊரு பேரு தெரியாத ரெண்டு பேருக்கு வெக்கப்பட்டுக் கையப் பணயம் வெச்ச மனுசன எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?

நீங்க ஏன் தலையக் குனியறீங்க? உங்களச் சொல்லலீங்க. டீயக் குடிங்க, ஆறுது.

அக்கா பொட்டியத் தொறந்து பாத்துச்சு. செவப்பா நெட்டை நெட்டையா. அளந்தெல்லாம் பாக்குல. பழைய தோட்டாக் கூடு ஒண்ணப் பக்கத்துல நிறுத்திப் பாத்தாத் தெரியாதுங்களா? சொல்லிப் பாத்துச்சு. அவரு கேக்குல. தொரை போயிட்டான், தொரை பேச்சும் போச்சுன்னாரு. பத்தியம் புள்ளை பெத்த பொம்பளைக்கு, துப்பாக்கிக்கில்லீன்னாரு. பெரிய பேச்சு. தொரை இருந்த வரைக்கும் அவரு முன்னாடி வாயத் தொறக்காதவரு, தொரை கப்பலேறுனதுக்கப்பறம் பேசறாரு.

சரி, இதுகிட்டப் பேச்சு ஆகாதுன்னு அக்கா என்ன பண்ணுச்சு? இட்லிச் சட்டில தண்ணி ஊத்தி, தட்டுல துணியப் போட்டு, இட்லி மாவுக்குப் பதிலா தோட்டாவ வரிசையா வெச்சு ஆவி காட்டிப் போடுச்சு. சிரிக்காதீங்க! காயிதத் தோட்டாதானுங்க. ஈரம் பட்டா ஊறிப் பெருத்துக்கும். ஞாயித்துக்கெழமை வேட்டைல மச்சான் அழுத்தறாரு, அழுத்தறாரு, பாதிக்கு மேல உள்ள போகுல. பன்னி அவரு முன்னாடி நின்னு ஒரு பார்வை பாத்துட்டு, போலாமா வேண்டாமான்னு ரோசனை பண்ணீட்டு, நடந்தே போச்சாம்.

மச்சான் மஞ்சு மூட்டத்து மேல பழி போட்டாரு. இந்தக் குளுரு, இந்த மேகம், தோட்டா ஊறிப்போச்சுன்னு. காய வெக்க ஒரு எடம் கண்டுபுடிச்சாரு பாருங்க, அந்தப் படிப்புக்கு ஒரு மாலை போடோணும். பேக்டரி மாடில பச்சை எலை வாட்டற எடம் இருக்குதுல்லீங்க? கீழ இருந்து சூடு காத்து வரும். அந்தச் சாக்குத் தட்டுல எலை மேல தோட்டாவப் பரப்பி வெச்சுட்டு வந்துட்டாரு. இந்தா, அருவங்காட்டுல வெடிமருந்து பண்றவிங்களே பீடியக் கேட்டுல குடுத்துட்டுத்தான் உள்ள போறாங்க. இவரு, கீழ அடுப்பு எரியற பேக்டரில, மேல மருந்தப் பரப்பறாரு.

காலைல ஐவின்னு ஒரு புள்ளை, எலைய வாரிக் கீழ அரைக்கற ரோலர் மிசினுக்குத் தள்ளறவ, அவ பாட்டுக்கு வாரித் தள்ளீட்டா. எலையோட எலையா செவப்பா ரெண்டு மூணு கீழ போகுது. கொரங்கு எதோ பழத்தப் போட்டுட்டுப் போயிருக்குதுன்னு நெனச்சாளாம். நல்ல வேளை, ரோலருக்குள்ள போறதுக்கு முந்தி தனசிங்கு கண்ணுல பட்டுச்சு. மிசின நிறுத்தச் சொல்லிட்டு, ஒரு தோட்டாவ ரெண்டு வெரல்ல புடிச்சுட்டு ஆபீசுக்கே வந்துட்டாரு. எல்லா கிளாக்கரும் பாக்கறாங்க. பெரிய கிளாக்கரே, இது எந்தக் கிரேடு டீயிங்க? எலை டீயா, டஸ்ட்டா? ஏலத்துக்கு எந்தப் பேருல அனுப்பட்டும்னு கேட்டாரு.

இன்னொருத்தனா இருந்தா அன்னைக்கே தோட்டாவக் கொண்டு போய்ப் பள்ளத்துல போட்டிருப்பான். நம்ம மச்சானுக்கு ரோசம் பொத்துட்டு வந்துருச்சு. காஞ்சு சுருங்குன தோட்டாவ எல்லாம் பொறுக்கிட்டு, அடுத்த வேட்டைக்குப் போனாரு. சுட்டாரு. பன்னியும் உழுந்துச்சுங்க! மச்சானும் உழுந்தாரு, தேயிலைச் செடிக்குள்ள மல்லாக்க. தோள்பட்டை நாவப்பழம் கணக்கா கன்னிப் போச்சு. அதப் பத்தி என்ன? சத்தத்துல தனசிங்கு காதப் பொத்துனாராம், அது போதும். அன்னைக்குத் துப்பாக்கிக் கூறு எங்கக்கா ஊட்டுக்கு வந்துச்சு. தொடையத் தூக்கிட்டு, லைன் வீடுக வழியாச் சுத்தி, யாரெல்லாம் பாக்கோணுமோ எல்லாரும் பாக்கறாப்பல வந்தாரு.

கறி திங்கறது அவரு, துப்பாக்கி தொடைக்கறது எங்கக்கா. அன்னைக்கு எண்ணெத் துணியப் போட்டுக் கொழல உருவுதுங்க. எடது கொழல்ல, முன்னங்கை புடிக்கற எடத்தத் தாண்டி, கையில எதோ தட்டுப்படுது. மொச்சக்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம். வெளக்குல காட்டிப் பாத்தா, அந்த எடத்துல வரியெல்லாம் ஒண்ண உட்டு ஒண்ணு வெலகி நிக்குது. ஏனுங்க, கொழலு வீங்கிக் கெடக்குதுன்னு அக்கா போய்க் காட்டுச்சு. தடவிப் பாத்துட்டு அவரு என்ன சொன்னாருங்கறீங்க? அது சீமை வேலைப்பாடு, உனக்கு என்ன தெரியும்னாரு.

வீங்குன எடத்துல இன்னொரு வேட்டுப் போட்டா என்ன ஆகும்? பந்தலூர்ப் பக்கம் ஒரு கங்காணிக்கு ஆச்சுங்களே. எடது கையில பாதிய அவிங்க ஊட்டுக்காரி முந்தானைல கட்டிக் கொண்டு போனா. கண்ணு ஒண்ணும் போச்சு. கையும் கண்ணும் இல்லாத கிளாக்கர எஸ்டேட்டுல எதுக்கு வெப்பாங்க? குவாட்டர்ஸக் காலி பண்ணுன்னுதான சொல்லுவாங்க. அக்கா தூங்காமக் கெடந்து இதயெல்லாம் நெனச்சுச்சு. மச்சான் கொறட்டை உட்டுட்டு, கனவுல பன்னி சுட்டுட்டு இருந்தாரு.

நீங்க என்னவோ ரிப்பேரு பண்ணிக்கலாம்ங்கறீங்க. கையோட ஒரு நல்ல ஆசாரியக் கூட்டியாந்திருக்கீங்களா? இல்லீல்ல? தோட்டாதான கொண்டாந்திருக்கீங்க. அதுவும் அதே செவப்பு, அதே நெட்டை.

ஆரன் அடிக்குதுங்களா? ஆமா, மேல போற பஸ்ஸுதான். ஒக்காருங்க. போகட்டும். ஏனுங்க, ஒக்காருங்கன்னு சொல்றேன். நாளைக்கும் பஸ்ஸு வரும். சரி, ரைட், போ போ, ஆளில்ல!

கோவிச்சுக்காதீங்க. இனிச் சுத்தி வளைக்குல, சொல்லிப்போடறேன். நீங்க மேல போனா மச்சான் உங்களுக்குத் துப்பாக்கி வெச்ச தோல் பொட்டிய எடுத்துக் காட்டுவாரு. அதுல சர்க்கார் அரக்கு சீலு இருக்குதுன்னு உங்ககிட்டச் சொல்லியிருக்காரு. போலீஸ் ஸ்டேசன்ல எனக்கு ஆளத் தெரியும், கையோட கூட்டியாந்து சீல ஒடைச்சுக்கலாம்னு நீங்களும் சொல்லியனுப்பிச்சீங்க. அதக் கேட்டதுல இருந்து எங்கக்காளுக்கு ஒரு வாய் சோறு எறங்குல. ஸ்டேசன்காரன் வந்து, இது யாரு வெச்ச சீலுன்னு கேட்டா எங்கக்கா எங்க போகும்?

அடுப்பு மங்குதுங்க. அந்த ஊதாங்கொழல எடுத்து ஒரு ஊது ஊதுங்க. இருங்க, வாயில வெக்கறதுக்கு முந்தி அந்தக் கரியத் தொடைச்சுட்டு வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க.

வரி தெரியுதுங்களா?

ஆமாங்க. அதேதான். இது வலது கொழலு. வீங்குன எடது கொழலு அக்கா அடுப்படில கெடக்குது. மச்சான் குளிக்கற வெந்நி அதுல ஊதித்தான் காயுது, இத்தன வருசமா.

மச்சான் அவநாசில ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாருங்க, வந்தவொடனே அடுத்த வேட்டைன்னு சொல்லிப்போட்டு. அக்கா அன்னைக்கே கொழல மட்டும் கழட்டி, மச்சானோட பெரிய கொடைக்குள்ள சொருகிட்டு, மேட்டுப்பாளையத்துக்கு எறங்கிருச்சு. எங்க பெரியப்பன் பையன் லேத்துப் பட்டறை வெச்சிருக்கான். ரெண்டையும் பிரிச்சு, அறுத்து, நுனியக் குவிச்சுக் குடுத்துட்டான். பிரிச்சுப் பாத்துட்டு, அக்கா, உள்ள அந்த வீக்கத்துல மயிரெழையாட்டம் விரிசல் ஓடுது, அடுத்த வேட்டு வெளிய போயிருக்காது, மாமன் மூஞ்சிக்குத்தான் வந்திருக்கும்னான். பொட்டிக்குள்ள கொழலு இருந்த எடத்துல பழைய தண்ணிப் பைப்பத் துணி சுத்தி வெச்சுருச்சு. கனம் சரியாப் போச்சு.

இது போதாதுன்னு அக்காளுக்குத் தெரியுமுங்க. தொறந்து பாத்தா? அப்ப எலெக்சன் வருசம். எலெக்சன் வந்தா லைசன்சுத் துப்பாக்கியெல்லாம் ஸ்டேசன்ல ஒப்படைக்கோணுமில்லீங்களா? அத வெச்சு அக்கா ஒரு கணக்குப் போடுச்சு. டீ சாம்பிள் டப்பாவுக்கு வெக்கற செவப்பு அரக்கு ஆபீசுல இருந்து வந்து ஊட்டுல கெடந்துச்சு. அத உருக்கிப் பொட்டி வாய்ல ஊத்தி, சூடு ஆறறதுக்குள்ள முறுக்குப் புழியற நச்சத்திர அச்ச வெச்சு ஒரு அழுத்து. அச்சு அசலாச் சர்க்கார் நச்சத்திரம்!

மச்சான் வந்து பாத்தாரு. அக்கா கண்ணத் தொடைச்சுட்டே சொல்லுச்சு, ஸ்டேசன்ல எடமில்லீன்னு ஊட்டுக்கே வந்து சீலு வெச்சுட்டாங்க, ஒடைச்சா உள்ள போடுவாங்களாம், கொழலு வீங்குனதப் பாத்துட்டு எந்தத் தோட்டாப் போட்டீங்கன்னு கேக்கறதுக்கு உங்களத் தேடுனாங்க, நான்தான் அவரு ஊர்ல இல்லீன்னு சொல்லிப்போட்டேன்னு. அவ்வளவுதான். கடைல பொய் சொல்லி வாங்குன தோட்டால்லீங்க? எலெக்சன் முடிஞ்சும் சீல எடுங்கன்னு கேக்கறதுக்குக்கூட மனுசன் ஸ்டேசன் இருக்கற தெருவுல காலு வெக்கறதில்ல. ஆனா ஊருக்குள்ள பேச்சு என்ன தெரியுமுங்களா? என்ற துப்பாக்கியோட வேகத்தப் பாத்து சர்க்காரே பயந்து சீலு வெச்சிருக்குதுன்னு. தனசிங்குகூட அத நம்பிட்டாரு.

நீங்க என்ன பண்ணுங்க, குன்னூர்ல எறங்கி, துப்பாக்கி எனக்கு வேண்டாம், வேற பாத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியனுப்பிச்சுருங்க. உங்களுக்கும் கையி மிஞ்சும், எங்கக்காளுக்கும் மானம் மிஞ்சும். தோட்டாவக் கடைலயே திருப்பிக் குடுங்க.

என்னங்க? இத்தன வருசமா அவருக்கு ஒரு தடவகூடச் சந்தேகம் வருலீங்களான்னு கேக்கறீங்களா? அன்னைக்கே வந்துச்சுங்க. பொட்டியத் தூக்கி மடில வெச்சுட்டு, கண்ணாடியப் போட்டு, அந்த நச்சத்திரத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. சீலுக்குப் பக்கத்துல கையெழுத்து இல்லியேன்னாரு. கிளாக்கரு மூளைல்லீங்க! எங்கக்கா அசரவே இல்ல. அதத்தானுங்க அவிங்களும் சொல்லிட்டுப் போனாங்க, பொறுப்பானவரு வந்து பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் இந்த சீலு செல்லுமாம், அப்படிப் பொறுப்பானவரு இந்த எஸ்டேட்டுல வேற யாரு இருக்காங்கன்னு சொல்லி, அவரு சட்டைப்பையில இருந்தே பேனாவ எடுத்து, மூடியத் தொறந்து அவரு கையில குடுத்துச்சு.